லிஃப்ட் மேலே வரும் இடம்

நாங்கள் வரைந்து முடித்த ஒரு தாளில் பச்சைக் கோடு ஒன்று இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி, நாங்கள் வடிவமைக்கும், இன்னும் கட்டாத சுரங்க மெட்ரோ நிலையத்தின் நடைமேடையில் போய் முடியும் கோடு. சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியாக ரயிலடிக்குப் போவார் என்று காட்டுவதற்காக வரைவது. அது எங்கேயும் அறுபடவில்லை. சாய்தளங்கள் எல்லாம் 12-க்கு 1 என்ற சரிவுக்குள் (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயர்வு) இருந்தன. லிஃப்ட் கதவு 900 மி.மீ. அகலம். உள்ளே 1100-க்கு 1400 மி.மீ. என்ற குறைந்தபட்ச அளவைவிடப் பெரிய கூண்டு. டிக்கெட் கேட்டுகளில் ஒன்று அகலமானது. சரிபார்ப்புப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பட்டியலில் ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக அந்தக் கையெழுத்து உள்ளங்காலில் தைத்த முள்ளாக இருக்கிறது. எழுதிவிடலாம் என்று பல தடவை உட்கார்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்து போயிருக்கிறேன்.

அதே தாளில் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடும் இருந்தது. மற்றப் பயணிகள் போகும் வழி. பேருந்திலிருந்து இறங்கி, பத்தடி நடந்து, படிக்கட்டிலோ எஸ்கலேட்டரிலோ கீழே இறங்கி, டிக்கெட் கேட்டைத் தாண்டி, மறுபடி ஒரு எஸ்கலேட்டர். மொத்தம் 140 மீட்டர். பச்சைக் கோடு பேருந்து நிலையத்தை விட்டு வெளியே போய், வாகன நிறுத்தத்தின் பின்பக்கம் சுற்றி, சிக்னலில் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்து, அங்கே தனியாக நின்ற லிஃப்ட்டில் இறங்கி, நிலத்தடியில் அதே சாலையைத் திரும்பக் கடந்து வந்தது. 610 மீட்டர். இரண்டு கோடுகளும் மாதக்கணக்கில் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டின் நீளத்தையும் அளந்து அருகருகே எழுத வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டியலில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டம் இல்லாததால்தான் தோன்றவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நிலம் யாருடையது

சுரங்க நிலையம் என்றதும் ஆழம்தான் பெரிய சிக்கல் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நானும் இந்த வேலைக்கு வருமுன் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் நிலையம் தரையிலிருந்து 22 மீட்டர் கீழே. அந்த ஆழத்தில் வேலை கடினம்தான். ஆனால் அங்கே சண்டை கிடையாது. பெட்டி போன்ற அந்தக் கான்கிரீட் கூடத்துக்குள் எதை எங்கே வைப்பது என்று நாங்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யலாம். சண்டையெல்லாம் தரைமட்டத்தில். பல போக்குவரத்துகள் கூடும் இடத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இந்தப் பக்கம் பேருந்து நிர்வாகம், அந்தப் பக்கம் புறநகர் ரயில், முன்னால் சாலைத் துறை, நடைபாதைக்குக் கீழே குடிநீர்க் குழாய், மின் கேபிள், கழிவுநீர். எல்லோருக்கும் அவரவர் தேவை நியாயமானது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பேருந்து நிறுத்தம் குறைந்தால் அந்த வழித்தடத்தின் கால அட்டவணையே கலைந்துபோகும் என்று பேருந்துக்காரர் சொன்னால் அது வீம்பு கிடையாது.

இங்கேதான் லிஃப்ட்டுக்கும் படிக்கட்டுக்கும் உள்ள ஒரு வித்தியாசம் முழு வடிவமைப்பையும் தீர்மானிக்கிறது. படிக்கட்டும் எஸ்கலேட்டரும் சாய்வாகப் போகிறவை. கீழே ஓரிடத்தில் தொடங்கி, மேலே இருபது மீட்டர் தள்ளி வெளியே வரலாம். நடுவில் ஒரு தளத்தில் திருப்பிவிடலாம். மேலே குழாய் இருந்தால் ஒதுங்கலாம், மரம் இருந்தால் வளைந்து போகலாம். லிஃப்ட் அப்படிக் கிடையாது. டிக்கெட் தளத்தில் அது நிற்கும் புள்ளிக்கு நேர் மேலே எது இருக்கிறதோ, அங்கேதான் அது தலை நீட்டும். லண்டனில் 2022-ல் திறந்த எலிசபெத் லைனில், ஃபாரிங்டன், லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையங்களில் எஸ்கலேட்டருக்கு இணையாகச் சரிவில் ஓடும் லிஃப்ட்டுகளை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று சாத்தியம் என்பது நல்ல செய்தி. ஆனால் பொதுவாக லிஃப்ட் என்றால் செங்குத்து. அதனால் படிக்கட்டுக்கு இடம் தேடுவது பேச்சுவார்த்தை. லிஃப்ட்டுக்கு இடம் தேடுவது கிட்டத்தட்ட நில ஆர்ஜிதம்.

இடமும் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சுவரோடு சேர்த்து மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். முன்னால் நாற்காலி திரும்பக் கொஞ்சம் வெளி. அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் முதல் கூட்டத்துக்குப் போனேன். பிறகு வெள்ள மட்டக் கணக்கு வந்தது. மழை வெள்ளம் உள்ளே இறங்கிவிடாமல் இருக்க, சுரங்க நிலையத்தின் எல்லா வாசல்களையும் சாலையைவிட உயர்த்திக் கட்ட வேண்டும். எங்களுக்கு 450 மி.மீ. உயர்வு. படிக்கட்டு வாசலுக்கு அது மூன்று படி. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். லிஃப்ட் வாசலுக்கு அதே உயர்வு 12-க்கு 1 சரிவில் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம். இரண்டு முனையிலும் நாற்காலி நிற்க ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் 8.4 மீட்டர். மூன்று மீட்டர் கேட்டுப் போனவன், பேருந்து நீளத்துக்கு ஒரு துண்டு நிலத்தைக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. மறுத்துவிட்டார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம், யாருக்கும் பயன்படாத ஒரு மூலை கிடைத்தது. பச்சைக் கோடு அந்த மூலையை நோக்கி நீண்டது. கோடு அறுபடாமல் இருந்ததால் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

டீச்சர் கேட்டது

வடிவமைப்பை மாற்றுத்திறனாளிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்பது விதிமுறை. வழக்கமாக அது ஓர் அறைக்குள் நடக்கும். திரையில் படம் ஓடும், தேநீர் வரும், 'நல்லா இருக்கு' என்று நாலு பேர் சொல்வார்கள், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். எங்களுக்கு வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பதினோரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். அதைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வருவார். குழுவில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். படம் ஓடி முடிந்ததும் அவர் சொன்னார்: "தம்பி, இந்த வழியில மேல இருக்கற பாதிக்கு இப்பவே ரோடு இருக்கில்ல? அதுல ஒரு தடவை போய்ப் பாத்துட்டா என்ன?" மறுக்க எந்தக் காரணமும் இல்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் போனோம். தரைமட்டப் பகுதியை நிஜமான இடத்திலேயே போவது, நிலத்தடிப் பகுதிக்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதே நீளத்துக்குப் போவது, லிஃப்ட்டுக்கு ஒன்றரை நிமிடம் நின்று காத்திருப்பது என்று ஏற்பாடு. எங்கள் குழுவிலிருந்து ஒரு இளைஞர் சாம்பல் கோட்டின்படி நடப்பார்.

இருவரும் ஒரே நிறுத்தத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நான் கடிகாரத்தோடு டீச்சரின் பின்னால் போனேன். வாகன நிறுத்தத்தின் பின்பக்கம் போகும்போதே தெரிந்துவிட்டது. அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. வரைபடத்தில் அது வெறும் வெள்ளைக் காகிதம். நேரில் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் நிறுத்திய வண்டிகள். "ராத்திரி எட்டு மணிக்கு மேல இந்தப் பக்கம் நான் வர மாட்டேன்," என்றார் டீச்சர், நாற்காலியை நிறுத்தாமலே. அடுத்து பேருந்து நிலைய வளாகம் முடிந்து நடைபாதை தொடங்கும் இடம். பேருந்து நிர்வாகத்தின் வரைபடத்தில் அந்த எல்லை வரை சமதளம். சாலைத் துறையின் வரைபடத்திலும் எல்லையிலிருந்து சமதளம். இரண்டும் சரி. ஆனால் அவரவர் உயரத்தை அவரவர் குறியீட்டுக் கல்லிலிருந்து அளந்திருந்தார்கள். நேரில் இரண்டு தளத்துக்கும் நடுவே 40 மி.மீ. உயர வித்தியாசம். நடப்பவர் காலுக்கு அது ஒன்றுமே இல்லை. நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் அதில் முட்டி நின்றன. டீச்சர் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முதலில் ஏறும்படி பின்பக்கமாக வந்து, இரண்டு தடவை முயன்று, மூன்றாம் தடவை ஏறினார். நான் பிடிக்கப் போனேன். "சொன்னா பிடிங்க தம்பி, சொல்லாம பிடிக்காதீங்க," என்றார். சிக்னலில் இரண்டு சுற்று நின்றோம். முதல் சுற்றில் பாதி சாலை போவதற்குள் விளக்கு மாறிவிடும்போல இருந்ததால் அவரே பின்வாங்கினார். பிறகு சாய்தளம், லிஃப்ட் காத்திருப்பு, சுண்ணாம்புக் கோடு.

சாம்பல் கோட்டுக்காரருக்குப் படிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மூன்று நிமிடம் பிடித்தது. டீச்சருக்கு 16 நிமிடம். கோட்டின் முடிவில் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "நான் வந்து சேந்துட்டேன் தம்பி. உங்க லிஸ்ட்ல 'உண்டு'ன்னு போட்டுக்கலாம், தப்பில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்கூட அதே பஸ்ல இறங்கினவரு இந்நேரம் எங்க இருப்பாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை. கடிகாரம் வைத்திருந்த என்னால் பதில் தெரியாது என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பது எங்கள் திட்டம். கூட இறங்கியவர் முதல் ரயிலைப் பிடித்து இரண்டு, மூன்று நிலையம் தாண்டிப் போயிருப்பார். டீச்சர் நடைமேடைக்கு வரும்போது அந்த முதல் ரயிலுக்குப் பின்னால் இன்னும் ஒன்றிரண்டு ரயில்கள் போயிருக்கும்.

அந்தக் கேள்வியை நான் பல விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் ஏன் எனக்கு இவ்வளவு கனம் என்றால், அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர் போய்ச் சேர முடியுமா, முடியாதா? அதற்கு 'முடியும்' என்று பதில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. டீச்சரின் கேள்வியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே பேருந்தில், ஒருவேளை ஒரே இருக்கையில் பேசிக்கொண்டு வந்தவர்கள். அந்த இரண்டு பேரையும் எங்கள் வாசல் பிரித்து, ஒருவரை நேராகவும் ஒருவரை மதில் ஓரமாகவும் அனுப்புகிறது. நாங்கள் 'அணுகல் பாதை' என்று பெயர் வைத்து வேறு நிறத்தில் வரைந்தபோதே அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டுவிட்டோம். பச்சைக் கோடு தனியாக ஏன் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அது சாம்பல் கோட்டின் மேலேயே கிடந்தால் அதை வரைய வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

பிந்தி வந்த லிஃப்ட்டுகள்

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது கிடையாது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயில் 1972-ல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நிலையங்களுக்கு லிஃப்ட் வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். சக்கர நாற்காலியில் இயங்கிய ஹரோல்ட் வில்சன் என்பவர் 1960-களில் விடாமல் வாதாடியதன் பலன். ஆனால் அங்கே பல நிலையங்களில் நெடுங்காலம் லிஃப்ட் கட்டண எல்லைக்கு வெளியே போய் நின்றது. எல்லோரும் கேட்டைத் தாண்டிப் போகும்போது, லிஃப்ட்டில் போகிறவர் தன் டிக்கெட்டை ஓரிடத்தில் காட்டிவிட்டு வேறோர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. லிஃப்ட் இருந்தது, இருந்த இடம்தான் பிசகு. வாஷிங்டனில் 1976 மார்ச்சில் மெட்ரோ தொடங்கியது. கேலரி பிளேஸ் என்ற நிலையம் கட்டி முடிந்திருந்தும், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி தயாராகவில்லை என்று நீதிமன்றம் தடுத்ததால், டிசம்பர் நடுப்பகுதி வரை ரயில்கள் அங்கே நிற்காமலே கடந்து போயின. அந்தத் தடையைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு திருப்தி. ஒரு நிலையம் சிலருக்குத் திறக்க முடியாததாக இருந்தால் அது இன்னும் யாருக்கும் திறக்கவில்லை என்று ஒரு நகரம் ஒன்பது மாதம் ஏற்றுக்கொண்டிருந்தது.

பழைய நிலையங்களின் கதை இன்னும் கசப்பு. நியூயார்க் சுரங்க ரயில் 1904-ல் தொடங்கியது. 472 நிலையங்கள். அவற்றில் 95 சதவீதத்தை அணுகத்தக்கதாக்க 2055 வரை அவகாசம் எடுத்துக்கொள்ளும் உடன்பாடு 2022-ல் அறிவிக்கப்பட்டது. பாரிஸ் மெட்ரோவுக்கு 1900-ல் பிறந்தநாள். முழுக்க லிஃப்ட் வசதியோடு கட்டிய தடம் என்று 1998-ல் வந்த 14-ஆம் தடத்தைத்தான் சொல்ல முடிகிறது. அவர்களிடம் மனமோ பணமோ இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் எனக்கு விளக்கியதைக் கேட்டபின் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நிலத்தடிப் பெட்டியின் கூரைப் பலகை மேலே உள்ள மண், சாலை, பேருந்து எல்லாவற்றின் எடையையும் தாங்குகிறது. பக்கச் சுவர்கள் மண்ணும் நீரும் தள்ளும் அழுத்தத்தைத் தாங்குகின்றன. பின்னால் அதில் லிஃப்ட்டுக்கென்று ஒரு துளை போடுவது, வீட்டுச் சுவரில் ஜன்னல் வைப்பது போன்ற வேலை கிடையாது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது, இரவில் கிடைக்கும் சில மணி நேரத்தில், தாங்கிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டி, அதற்கு முன்பே மாற்றுத் தாங்கல் கொடுத்து, குழாய்களை நகர்த்தி, வருடக்கணக்கில் செய்ய வேண்டியது. ஆகவே எல்லாத் துளையும் கூரை வார்க்கும் நாளுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

வளைந்த நடைமேடையும் இதே வகைத் தவறுதான், இன்னொரு வடிவில். ரயில் பெட்டி நேராக இருக்கிறது, நடைமேடை வளைகிறது. 300 மீட்டர் ஆர வளைவில் 20 மீட்டர் நீளப் பெட்டி நின்றால், விளிம்பிலிருந்து பெட்டியின் நடுப்பகுதிக்கும் நுனிக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய 17 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். ஐரோப்பிய ரயில் விதிகளின்படி நாற்காலி தானாக ஏற வேண்டுமென்றால் இடைவெளி 75 மி.மீ.க்குள்ளும், உயர வித்தியாசம் 50 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். லண்டன் பேங்க் நிலையத்தில் சென்ட்ரல் லைன் நடைமேடை கூர்மையாக வளைகிறது. அந்தத் தடம் 1900-ல் மேலே இருந்த தெருக்களின் போக்கிலேயே தோண்டப்பட்டது. அன்று மேலே நிலம் யாருடையது என்பது, நூற்றுக்கு மேற்பட்ட வருடங்கள் கழித்து கீழே ஒருவர் ரயிலேற முடியுமா என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் நடைமேடை நேரானது. அது எங்கள் புண்ணியத்தில் வந்தது கிடையாது. மேலே சாலை நேராக இருந்தது.

புள்ளியும் கோடும்

டீச்சரோடு வந்தவர்களில் பார்வையற்ற வங்கி அதிகாரி ஒருவரும் இருந்தார். அவரிடம் நான் கற்றது தனிப் பதிவாக எழுத வேண்டிய அளவு. இங்கே கொஞ்சம் மட்டும். தரையில் பதிக்கும் தொடு ஓடுகளை ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-ல் உருவாக்கினார். 1967-ல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் 'போ', புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி'. இரண்டே இரண்டு எழுத்துள்ள மொழி. அதிலும் நாங்கள் எழுத்துப்பிழை செய்திருந்தோம். பேருந்து நிர்வாகத்தின் கோடு அவர்கள் எல்லையோடு நின்றது. எங்கள் கோடு எங்கள் வாசலில் தொடங்கியது. நடுவில் ஆறு மீட்டர் ஒன்றுமில்லை. "கோடு முடியற இடத்துல புள்ளியும் இல்ல சார். பேசிட்டே இருந்தவர் பாதியில எழுந்து போன மாதிரி இருக்கு," என்றார். மேலும், நாங்கள் பெருமையோடு காட்டிய அகன்ற டிக்கெட் கூடம் அவருக்குப் பயமூட்டியது. எங்கள் கண்ணுக்கு விசாலம். அவருக்குக் கைக்கோலில் தட்டுப்பட எதுவுமே இல்லாத வெளி. கல் தரை, உலோகக் கூரை, கண்ணாடிச் சுவர் மூன்றும் சேர்ந்தால் எல்லா ஒலியும் எதிரொலித்துக் குழம்பும், எஸ்கலேட்டர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காது சொல்லாது, அறிவிப்பும் புரியாது என்றார். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை என்பது அதுவரை எங்களிடம் அழகுச் செலவு என்ற தலைப்பில் இருந்தது, குறைக்க வேண்டிய பட்டியலில். அதை அன்று மாலையே அங்கிருந்து எடுத்தேன்.

லிஃப்ட்டின் சுவர் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று காது கேளாத ஓர் இளம்பெண் சைகையில் சொல்லி, கூட வந்தவர் மொழிபெயர்த்தார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் அவசரப் பொத்தானை அழுத்தலாம். பதில் குரலாக வரும். அவருக்கு அது கேட்காது. வெளியே இருப்பவர் பார்க்க முடிந்தால் போதும், கையால் பேசிக்கொள்வேன் என்றார். பொத்தான் இயங்கிவிட்டது, ஆள் வருகிறார் என்று காட்டும் விளக்கும் வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்தோம்.

இரண்டாவது லிஃப்ட்

டீச்சர் கேட்ட அன்றைக்கு அடுத்த கூட்டத்தில், நான் அழகான படங்கள் எதையும் கொண்டுபோகவில்லை. ஒரே ஒரு தாள். சாம்பல் 140, பச்சை 610, வித்தியாசம் 470. அடியில் நிமிடக் கணக்கு. பேருந்து நிர்வாகத்தின் பொறியாளர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, டீச்சரோடு தானும் ஒரு தடவை அந்த வழியில் போக முடியுமா என்று கேட்டார். போனார். திரும்பி வந்து, ஓய்வு நேரத்தில் பேருந்துகளை நிறுத்தி வைக்கும் ஓரிடத்தைக் கொடுக்கலாம், அது அட்டவணையைத் தொடாது என்று அவரே சொன்னார். வாசலுக்கு முன்னால் தனிச் சாய்தளம் வேண்டாம், அந்தப் பகுதித் தரையையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சரிவில் 450 மி.மீ. உயர்த்திவிடலாம், எல்லோரும் அதிலேயே நடக்கட்டும் என்றும் சொன்னார். இது என் யோசனையைவிட நல்ல யோசனை. இப்போது லிஃப்ட் எஸ்கலேட்டருக்குப் பக்கத்திலேயே வெளியே வருகிறது. பச்சைக் கோடு 165 மீட்டர். முதல் எண்பது மீட்டருக்கு இரண்டு கோடும் ஒன்றாகவே போகின்றன.

ஆனால் அது ஒரே லிஃப்ட். டிக்கெட் தளத்திலிருந்து நடைமேடைக்கு இன்னொன்று. போய் இறங்கும் நிலையத்திலும் இதேபோல இரண்டு. ஒரு பயணத்துக்கு நான்கு லிஃப்ட். ஒவ்வொன்றும் 98 சதவீத நேரம் நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும் என்றால் 0.98-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். 92 சதவீதம். மாதம் நாற்பது பயணம் போகிற ஒருவர் மூன்று தடவை எங்கோ ஒரு தளத்தில் நின்றுவிடுவார். அதில் ஒன்று 22 மீட்டர் ஆழத்தில். ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டு லிஃப்ட், தனித்தனி மின்வழியில் இருந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பு 10,000-க்கு 4. முழுப் பயணமும் தடைபடுவது அறுநூற்றுச் சொச்சத்தில் ஒரு தடவை. இதைவிடத் தெளிவான கணக்கு எங்கள் முழு அறிக்கையிலும் கிடையாது.

தீ விபத்துக் கணக்கு அதைவிட என்னை உறுத்துகிறது. சுரங்க நிலையங்களுக்குப் பலரும் பின்பற்றும், அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 130 விதி, நடைமேடையை 4 நிமிடத்துக்குள் காலி செய்யவும் 6 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தை அடையவும் கேட்கிறது. நாங்கள் அதைப் படிக்கட்டு, எஸ்கலேட்டர்களின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டோம். சாதாரண லிஃப்ட் அப்போது நிறுத்தப்பட்டுவிடும். படியேற முடியாதவர்கள் புகை நுழையாத ஓர் அறையில் காத்திருக்க வேண்டும், மீட்பவர் வந்து தூக்கிப் போவார் என்பது ஏற்பாடு. அந்த அறை எங்கள் வரைபடத்தில் உண்டு. அந்த 6 நிமிடத்தில் மற்றவர்கள் மேலே போய்விட்டபின், டீச்சர் அந்த அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தீத்தடுப்புச் சுவரும், புகையைத் தள்ளிவிடும் காற்றழுத்தமும், தனி மின்சாரமும் உள்ள வெளியேற்ற லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாவது லிஃப்ட் அப்படிப்பட்டதாக இருந்தால் இரண்டு கவலையும் சேர்ந்தே தீரும்.

இரண்டாவதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. செலவு ஒரு காரணம், மேலே இன்னொரு மூன்று மீட்டர் வேண்டும் என்பது பெரிய காரணம். புறநகர் ரயில் பக்கம் ஓரிடம் கேட்டிருக்கிறோம். கூரைப் பலகையில் அதற்கான துளையை மட்டும் இப்போதே விட்டுவைத்து, பிறகு எளிதாக உடைக்கக்கூடிய மெல்லிய கான்கிரீட்டால் மூடிவைக்கலாம் என்பது சமரசம். நான் அதற்குத் தலையாட்டிவிட்டேன். விட்டுவைத்த துளைகள் அப்படியே மூடிக் கிடப்பதும் உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால் மூடுவதற்கு முன் இன்னொரு தடவை கேட்கப்போகிறேன். கூரைக் கம்பி வரைபடம் அடுத்த மாதம் வெளியாகிறது. அதற்கு முன் ஒரே ஒரு கூட்டம் மிச்சம். இந்தத் தடவையும் ஒரே தாள்தான். ஒரு பக்கம் நான்கு லிஃப்ட்டின் பெருக்கல், மறுபக்கம் அந்தக் காத்திருப்பு அறையின் வரைபடம், உள்ளே ஒரு சக்கர நாற்காலி, பக்கத்தில் 6 நிமிடம் முடிந்த நேரத்தின் குறிப்பு.

நேற்று டீச்சருக்குப் போன் செய்து தேதியைச் சொன்னேன். புறநகர் ரயில் அதிகாரியும் வருகிறார், நீங்களும் இருந்தால் நல்லது என்றேன். "எத்தனை மணிக்கு தம்பி?" என்று கேட்டார். பத்து மணி என்றேன். "அப்ப எட்டரைக்குக் கிளம்பறேன்," என்றார்.